சிவப்பு நூல் கட்டிய புட்டி

பாண்டுரங்கன் காலைக் காப்பியின் கடைசி மடக்கை விழுங்கிக்கொண்டிருந்தபோது, மலைப் பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்போடு ஒரு பெண் வாசலில் நின்றாள்.

"சாந்தம்மா டீச்சர் வூடு இதுங்களா?"

"இதுதான். உள்ள வாம்மா" என்றார். போளூரில் அவர் மனைவியைத் தேடி இப்படி யாராவது ஒரு சிக்கலோடு வந்தால், தபாலாபீசில் ஓய்வு பெற்ற அந்த மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிடும். சாந்தம்மாளோ, பள்ளியில் விஞ்ஞானம் நடத்திய காலத்தில் எப்படியோ அப்படியே நிதானமாக வந்து உட்கார்ந்தாள்.

வந்தவள் பெயர் திரௌபதி. ஆலங்காயத்துப் பெண். ஜவ்வாது மலைக்காரனான வீரனை விரும்பிக் கட்டிக்கொண்டதில் இரண்டு பக்கத்து உறவும் அறுந்துபோயிருந்தது. வீரன் மலைமேல் வன இலாகா பங்களாவில் காவலாளி. முந்தின இரவு பங்களாவை ஒட்டிய கிடங்கிலிருந்து ஒரு மூட்டை சந்தன வேர்க்கட்டை காணாமல் போயிருந்தது. பூட்டு உடைபடவில்லை. அதற்கு இரண்டே சாவிகள். ஒன்று கிடங்கு கிளார்க் கோபால்சாமியிடம், மற்றது வீரனிடம்.

"பூட்டத் தொறந்தாலும் மூடினாலும் வீல்னு கத்துங்க. மூட்டைய எடுத்துட்டுத் திரும்பப் பூட்டறப்ப சத்தம் வரக்கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு எண்ணெ ஊத்திக்கினு இருந்தாராம். கோபால்சாமி சார் அதட்டினதும் புட்டியப் போட்டுட்டு ஓடிட்டாராம்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "புட்டி என்னுதுதான். கழுத்துல சிவப்பு நூலு கட்டி, வூட்டு வெளிமாடத்துல வெச்சிருப்பேன்."

"அவர் என்ன சொல்றார்?"

"வூட்ட விட்டு எழுந்தே வரலன்றாரு. ரேஞ்சரு அவர ரூம்ல வெச்சுப் பூட்டிட்டாரு. சாயங்காலம் போலீஸு வருது டீச்சரம்மா. இட்டுனு போய்ட்டா, ஜாமீனுக்கு வர்றதுக்குக்கூட எங்களுக்கு ஆள் இல்ல."

பஸ்ஸில் ஏறும்போது பாண்டுரங்கன் மனைவியின் காதருகே குனிந்தார். "புட்டி தன்னுதுன்னு அவளே ஒத்துக்கறா. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துகூட செஞ்சிருக்கலாம்."

"இருக்கலாம்" என்றாள் சாந்தம்மாள். "பொய் சொல்ல வந்தவ புட்டி தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லியிருப்பா. நீங்க மப்ளரைச் சுத்திக்கோங்க."

மலைமேல் மூடுபனி இன்னும் கலையவில்லை. ரேஞ்சர் ரங்கசாமி அவர்களை வேண்டாத விருந்தாளிகளைப் போல வரவேற்றார். காரியம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது. பாண்டுரங்கனுக்கு உடனே அவர்மேலும் சந்தேகம் வந்தது.

"போலீஸ் வர்றவரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். பாத்துட்டுப் போங்க" என்றார் ரேஞ்சர்.

கிடங்கின் வாசல் வடக்கே பார்த்தது. வெயில் எட்டாத கருங்கல் தரையில் ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி, கழுத்தில் சிவப்பு நூலோடு சாய்ந்து கிடந்தது. தக்கை இல்லை. அடியில் கல் காய்ந்திருந்தது. சாந்தம்மாள் குந்தி உட்கார்ந்தாள். "ஏங்க, இதுக்குப் பின்னால டார்ச்ச அடிங்க."

அவர் அடித்தார். புட்டியின் அடிப்பாகம் இருண்டு கிடந்தது, வாய்ப்பாகத்தில் வெளிச்சம் ஊடுருவியது. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் கோடு சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. பூட்டில் சாந்தம்மாள் விரல் வைத்து எடுத்தபோது, எண்ணெய் பிசுபிசுவென்று நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

பங்களாச் சுவரில் வெப்பமானி ஒன்று தொங்கியது. வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே பாதரசம், அதன் மேல் இரண்டு சின்ன எஃகு முட்கள். வெப்பம் ஏறினால் பாதரசம் ஒரு முள்ளைத் தள்ளும், இறங்கினால் மற்றதை. தள்ளிய இடத்திலேயே முள் நின்றுவிடும். காந்தத்தால் இழுத்தால்தான் பழைய இடத்துக்கு வரும்.

"இன்னிக்குக் காந்தம் வெச்சீங்களா?" என்று கேட்டாள் சாந்தம்மாள்.

"அது வீரன் வேலை. தினம் காலைல செய்வான். இன்னிக்குத்தான் உள்ள கெடக்கறானே" என்றார் ரேஞ்சர்.

"நேத்துக் காலைல?"

"வெச்சான். நான் பக்கத்துல நின்னேன்."

கீழ் முள் பதினொரு டிகிரியில் நின்றது. மேல் முள் பதினெட்டில். சாந்தம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தாங்க முடியல சார். கதவை மூடிக்கிட்டு உட்கார்ற மாதிரி ஒரு ரூம், ஒரு கணப்புச் சட்டி. எல்லாரையும் அங்க கூப்பிடுங்க. கோபால்சாமி சார் ரூம் சின்னதா அடக்கமா இருக்கு."

பாண்டுரங்கன் திரும்பிப் பார்த்தார். மார்கழியில் விடியுமுன்னே பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவள் அவள்.

கோபால்சாமி மெலிந்த மனிதர். கோடையில்தான் மாற்றலாகி வந்தவர். தன் கயிற்றுக் கட்டிலுக்கு அருகே கனன்ற சட்டியையும், பூட்டிய அறையிலிருந்து அழைத்துவரப்பட்டுச் சங்கடமாக நின்ற வீரனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க பாத்ததச் சொல்லுங்க" என்றாள் சாந்தம்மாள்.

"எத்தினி வாட்டிங்க சொல்றது? பூட்டுல எண்ணெ ஊத்தினான். நான் யார்ராதுன்னேன். போட்டுட்டு ஓடினான்."

"என்ன எண்ணெய்?"

"இந்த மலைல வேற இன்னா? வெளக்கெண்ணெதான். எல்லா வூட்லயும் அதான தலைக்குத் தேய்க்கிறாங்க."

"எங்க வூட்ல இல்லீங்க" என்றாள் திரௌபதி. "எனக்கு வெளக்கெண்ணெ ஒத்துக்காது. சந்தைக்குப் போறப்பல்லாம் இவரு எனக்குத் தேங்கா எண்ணெ வாங்கினு வருவாரு."

வீரன் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான்.

"பூட்டுல இருக்கறது விளக்கெண்ணெய். இந்தக் குளிர்லயும் ஓடும்" என்றாள் சாந்தம்மாள். "புட்டில இருக்கறது தேங்காய் எண்ணெய். இருபத்திநாலு டிகிரிக்குக் கீழ போனா உறைய ஆரம்பிச்சுடும். நேத்துக் காலைல இருந்து இந்த இடம் பதினெட்டைத் தாண்டலன்னு அந்த முள் சொல்லுது. கல்லு மாதிரி கிடக்கற எண்ணெயை வீரன் எப்படி ஊத்தினான்?"

கோபால்சாமி உதட்டை நனைத்துக்கொண்டார். "அடுப்புல காட்டி உருக்கினு வந்திருப்பான். அப்புறம் குளிர்ல உறைஞ்சிருக்கும். இதுல இன்னா இருக்குது?"

"நல்ல கேள்வி. ஏங்க, உங்க தண்ணி பாட்டிலை மேஜைமேல படுக்க வைங்க."

பாண்டுரங்கன் படுக்க வைத்தார். பாதித் தண்ணீர் பாட்டிலின் நீளத்துக்கும் பரவிப் படுத்தது.

"உருகின எண்ணெயோட புட்டி விழுந்திருந்தா கொஞ்சம் கொட்டியிருக்கும். மிச்சம் இந்தத் தண்ணி மாதிரி படுத்தபடி உறைஞ்சிருக்கும். அங்க ஒரு சொட்டு கொட்டல. எண்ணெய் புட்டிக்குள்ள நின்னபடி உறைஞ்சிருக்கு. மாடத்துல நின்னப்பவே உறைஞ்ச புட்டியை யாரோ எடுத்துட்டு வந்து, தக்கையைப் பிடுங்கிட்டுப் படுக்க வெச்சிருக்காங்க. பழுப்புக் கண்ணாடி, இருட்டு. உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியல. எண்ணெய்னா ஓடும்னு நினைச்சுட்டார்."

ரேஞ்சரின் பார்வை மெல்ல கிளார்க் பக்கம் திரும்பியது.

"நடக்காததை நடந்ததா பாத்தவர் ஒருத்தர்தான்" என்றாள் சாந்தம்மாள்.

"அதுக்காக என்னைத் திருடன்றீங்களா? எங்க கீது கட்டை? காட்டுங்க."

சாந்தம்மாள் சட்டியின் கரியை விசிறினாள். அறை நன்றாகவே சூடேறியிருந்தது. பாண்டுரங்கன் மப்ளரை அவிழ்த்தார். மூக்கு லேசாகச் சுருங்கியது. எங்கிருந்தோ கோயில் கருவறையின் வாசனை. எழுந்தார், ஒரு எட்டு நடந்தார், கட்டிலருகே நின்றார். அடியில் ஒரு சாமை மூட்டை.

"சாந்தா" என்றார் மெதுவாக. "இந்தச் சாமை மணக்குது."

"குளிர்ல சந்தனமும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கும்" என்றாள் அவள். "கொஞ்சம் சூடு காட்டினா பேசும்."

ரேஞ்சர் மூட்டையைக் கவிழ்த்தார். சாமை சரிந்தது. பின்னாலேயே கட்டைகள் ஒவ்வொன்றாக உருண்டன. கோபால்சாமி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"வீரா, தப்பா நெனச்சுட்டேன்" என்றார் ரேஞ்சர், அவன் முகத்தைப் பார்க்காமல். "நீ வூட்டுக்குப் போ."

திரௌபதி வெளியே ஓடிப்போய்ப் புட்டியைப் படுத்த வாக்கிலேயே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். கணப்பை நெருங்கியவளை வீரன் தடுத்தான். அந்த அறைக்கு வந்தபின் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நெருப்பாண்ட போவாத புள்ள. போலீஸு பாக்கற வரைக்கும் உருகக் கூடாது."

தூரத்தில் மலையேறும் ஜீப்பின் சத்தம் கேட்டது. அவள் புட்டியை ஆட்டாமல் அசைக்காமல் திரும்பவும் குளிருக்குள் நடந்தாள். அவன் கூடவே நடந்தான்.