கை மடியில்தான் இருந்தது

கை மடியில்தான் இருந்தது. ஆனாலும் பெட்டி சத்தம் போட்டது.

அடித்தொண்டையில் யாரோ முனகுவது போல ஸ்பீக்கரிலிருந்து ஒரு கனத்த ஒலி வந்து நின்றது. அமுதவல்லி தன் வலது கையைப் பார்த்தாள். அவள் உடம்பில் அவள் சொன்னபடி கேட்பது அது ஒன்றுதான். அது அசையவில்லை.

பிறவியிலேயே அவளுக்குப் பேச்சும் நடையும் இல்லை. நாமக்கல் பயிற்சி மையத்தில் இசை சொல்லித்தரும் கலைமணி டீச்சர்தான் இந்தப் பெட்டியைச் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் பொருத்திக் கொடுத்தார். முன்பக்கம் கண் போல ஒரு சென்சார். தொடவோ அழுத்தவோ வேண்டாம். அதற்கு எதிரே காற்றில் கையை நகர்த்தினால் போதும். கிட்டே வந்தால் சுருதி ஏறும், தள்ளிப்போனால் இறங்கும். எதிரே ஒன்றும் இல்லாவிட்டால் மௌனம். இத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் அடைந்து கிடந்ததெல்லாம் அதன் வழியே வெளியே வந்தது. அண்ணன் குழந்தைக்கு அவள் தாலாட்டு வாசிப்பாள். எதிர்ச்சுவரோரம் தொங்கும் சேலைத் தூளிக்குள்ளிருந்து பாப்பா காலை உதைத்துச் சிரிக்கும்.

"கைய ரொம்பக் கிட்ட வச்சு, விட்டு விட்டு அடிச்சாங்கன்னா, கூப்புடறாங்கன்னு அர்த்தமுங்க. ஓடியாந்துரோணும்" என்று டீச்சர் வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அண்ணன் தனபாலுக்கு அது வெறும் இரைச்சல்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் அண்ணி சௌந்தர்யா தாளித்துக்கொண்டிருந்தாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் அண்ணன், தூளிக்குப் பக்கத்து ஜன்னலில் முதுகைக் காட்டி நின்று போனில் பேசினான்.

"தண்ணி வராத குழிங்க. மூடறது காட்டுக்காரரு வேலைங்க. நாம ரிக்க எடுத்துட்டு வந்துட்டோம். புள்ள அங்க வெளையாடப் போனா நாம என்னங்க பண்றது?"

பொய். அமுதவல்லியின் விரல்கள் மடியில் சுருண்டன. குழியை மூடிக் கொடுக்கச் சொல்லி அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் கெஞ்சியதும், "அடுத்த போருக்கு நேரமாச்சு, மேல ஒரு சாக்கப் போட்டுட்டு வாங்கடா" என்று ஆட்களிடம் அண்ணன் கத்தியதும் இதே கூடத்தில்தான். இதே போனில்தான். அவளுக்கு எதிரேதான். நாற்காலிக்குக் காது உண்டா என்று யார் யோசிப்பார்கள்? நேற்றுதான் குழிக்குள் விழுந்த அந்தப் பெண்குழந்தையைப் பிணமாக மேலே எடுத்தார்கள். சேதியைக் கேட்டதும் அவள் பெட்டியை அலறவிட்டாள். உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்று அடித்தாள். அண்ணன் வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

மறுபடியும் முனகல். இந்த முறை சற்று உயர்ந்து.

வாசல் கதவு திறந்திருந்தது. பெட்டிக்கு எதிரே யாருமில்லை. அந்த நேரத்துக் காற்றில் எப்போதும் கோழிப்பண்ணை வாடைதான் வரும். இன்று அதை அமுக்கிக்கொண்டு வேறொன்று வந்தது, பூமியின் ஆழத்தில் பாறையை அரைக்கும்போது எழுகிற ஈரக் கல்மாவின் நெடி. அண்ணன் சட்டையில் அவள் பழகிய வாடைதான் அது. ஆனால் அதற்கு இவ்வளவு குளிர் இருந்ததில்லை. அது தரையோடு தரையாகப் பரவி அவள் பாதங்களைத் தொட்டது.

ஒலி கொஞ்சம் ஏறியது. நின்றது. ஏறியது. நின்றது.

இப்போதுதான் நடை பழகிய கால்கள் அப்படித்தான் வரும்.

சென்சார் இருப்பது நாற்காலிக் கைப்பிடி உயரத்தில். எதிரே வருவதற்கும் அவ்வளவு உயரம்தான் இருக்க வேண்டும். அமுதவல்லி கண்ணை மூடப் பார்த்தாள். முடியவில்லை. ஒலி கீச்சென்று உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. முழங்காலில் ஈரமாக ஏதோ பட்டது.

பிறகு அது வாசிக்க ஆரம்பித்தது.

கிட்டே, தள்ளி. கிட்டே, தள்ளி. புதுப் பொம்மை கிடைத்த குழந்தை போல. அவளுக்குப் பயத்துக்குள்ளேயே, இந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் கிடைத்திருக்கவேண்டியதுதானே என்று ஆத்திரமும் பொங்கியது.

ஒலி இறங்கத் தொடங்கியது. விலகிப் போகிறது. வாசலுக்கு அல்ல.

தூளிப் பக்கம்.

அவள் கையைத் தூக்கினாள். தோள் பிய்ந்துவிடும் போல வலித்தது. சென்சாருக்கு மிகக் கிட்டே, விட்டு விட்டு, விட்டு விட்டு. வீடு அதிர்ந்தது.

"ஏனுங்க, உங்க தங்கச்சி கூப்புடறாப்பல இருக்குதுங்க!" சமையலறையிலிருந்து அண்ணியின் குரல்.

"அவளுக்கு வேறென்ன வேலை?" தனபால் போனைப் பொத்திக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "வக்கீலு கூடப் பேசிட்டிருக்கறேன். சித்த நேரம் சும்மா இருக்க மாட்ட?"

அவள் கண்ணால் தூளியைக் காட்டினாள். அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. எப்போது பார்த்திருக்கிறான்? குனிந்தான். வயரைப் பிடுங்கினான். பழையபடி ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"சொல்லுங்க சார். நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

பெட்டி செத்துக் கிடந்தது. அவள் அடித்தாள். சத்தமில்லை. அடித்தாள். பாவி. திரும்பு. ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருடா.

தூளி அசைந்தது.

காற்றில்லை. அசைந்தது. பிறகு சேலை இழுபட்டு இறங்கியது. ஒரு பிள்ளையின் பாரத்துக்கு மேல். இன்னும் இறங்கியது. அண்ணனின் முழங்காலுக்குக் கீழே. தரை வரைக்கும்.

உள்ளே பாப்பா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"தூங்கிட்டாளாட்ட இருக்குது" என்றாள் அண்ணி, சமையலறையிலிருந்தே.

சேலையின் அடியிலிருந்து சாம்பல் நிறச் சேறு கசிந்து, தரையில் வழிந்து, தனபாலின் வெறுங்காலைச் சுற்றிக்கொண்டது. அவன் பேசிக்கொண்டே இருந்தான். சேலை மடிப்புக்குள்ளிருந்து கல்மாவு அப்பிய ஒரு சின்னக் கை வெளியே நீண்டு, காற்றில், கிட்டே, தள்ளி, கிட்டே, தள்ளி என்று அசைந்தது.