மாடிக்கு வெந்நீர் கொண்டுபோனவள்

"வெந்நீர் பதமா இருந்துச்சும்மா, ரொம்ப நன்றி," என்றார், மாடி அறையில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார்.

படுக்கை விரிப்பை எடுக்க வந்தவள் சிரித்துத் தலையாட்டினாள். பாதிப் படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. அன்று காலை அவள் மாடி ஏறியதே இப்போதுதான்.

நூறு வருடத்துப் பழைய வீடு. குடியிருந்த ஃபிளாட்டை விற்று அவளும் கணவனும் இதை வாங்கினார்கள். இரண்டு வருடம் சுண்ணாம்புத் தூசியைத் தின்று பழுது பார்த்து, நான்கு அறைகளை வாடகைக்குத் திறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வேலைக்கு ஆள் கிடையாது. எல்லாம் அவளும் அவனும்தான்.

"மாடிக்கு வெந்நீர் யாரு கொண்டு போனா?"

கணவன் கழற்றிப் போட்ட குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீதான். என்னைத் தாண்டித்தானே போன?"

பொய் சொன்னால் அவனுக்குக் குரல் உயரும். இப்போது உயரவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. பொய் இத்தனை சரளமாக வருகிறதென்றால் எத்தனை நாள் பழக்கம்?

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். அவள் கட்டாத புடவை கொடியில் ஈரமாகத் தொங்கியது. வாடகை அறைகளுக்கென்று மடித்து வைத்த தலையணை உறைகளில் அவளுடைய தலை எண்ணெய் வாசனை அடித்தது. மூலை அறையில் அவள் பாதியில் விட்டிருந்த சுவர்ப் பூச்சை யாரோ முடித்திருந்தார்கள். பூச்சுக் கரண்டியை இழுத்து ஓரத்தில் லேசாகச் சுண்டிவிட்ட தடம் ஈரம் காயாமல் தெரிந்தது. பூசக் கற்றுக்கொடுத்த கொத்தனார் அப்போது கிண்டல் செய்த அந்தத் தடம் அவளுடைய கைக்கு மட்டுமே உரியது.

அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, இவருக்கு வேற யாரோ இருக்கா. அவளை வீட்டுக்குள்ளயே வெச்சிருக்கார்."

"உனக்கென்னடி ஆச்சு? நேத்துதானே ஒரு மணி நேரம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசின, எல்லாம் நல்லா இருக்குன்னு?"

நேற்று அவள் யாருக்கும் போன் செய்யவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு, "சுண்ணாம்பு வாங்கிட்டு வரேன்," என்று கணவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தெருமுனையில் பத்து நிமிடம் நின்றாள். பிறகு பக்கத்துச் சந்து வழியாகத் திரும்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்கதவைச் சத்தமில்லாமல் தள்ளி, மெழுகு பூசிய மரத்தின் வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் கலந்து நிற்கும் அந்த நீண்ட நடையில், வெயில் சன்னல் கம்பிகளாக விழுந்துகிடந்த தரைமேல் ஒவ்வோர் அடியாக வைத்து, படிக்கட்டுக்குக் கீழே வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே வளையல் சத்தம். ஒரு செருமல்.

"இந்தச் சுவரை நானே பூசினேங்க."

அவளுடைய குரல்.

வாத்தியார் ஏதோ சொன்னார். கணவன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து இரண்டு வருடமாகிறது.

அவன் படியிறங்கி வந்தான். அவளைப் பார்த்தான். நின்றான். வாடகைக்கு வருபவர்களுக்கென்று வைத்திருக்கும் புன்னகை அவன் முகத்தில் வந்தது.

"வாங்க. பின்பக்கமா வந்துட்டீங்களா? ரூம் பாக்கணுமா?"

"என்னங்க... நான்தாங்க."

அவன் புன்னகை மாறவில்லை. மாடியை நோக்கிக் குரல் கொடுத்தான். "இங்க கொஞ்சம் வாயேன்."

வளையல் நின்றது. படி முனகியது. முதலில் பாதம் தெரிந்தது. பிறகு அவள் இப்போது கட்டியிருக்கும் அதே புடவை. பிறகு அவளுடைய முகமே. இந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு விழுந்த நரை இல்லை. கூன் இல்லை. கண்ணுக்குக் கீழே கருமை இல்லை.

வந்தவள் அவளைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பழைய கதவைத் தட்டுவதுபோலக் கன்னத்தில் விரலால் தட்டிப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ள கெட்டியாத்தான் இருக்கு," என்றாள் கணவனிடம். "மேல இருக்கறத மட்டும் உரிச்சா போதும்."

ஓடவேண்டும். திரும்பினாள்.

கணவன் அவளுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான், இழைக்கும்போது கதவு ஆடாமலிருக்கப் பிடிப்பதுபோல, இதமாக. வந்தவள் கட்டைவிரல் நகத்தைக் காதோரம் வைத்து அழுத்தி, மெல்லக் கீழே இழுத்தாள். கன்னம் நெடுக அகலமான ஒரு பட்டை சுருண்டு வந்தது.

வலிக்கவே இல்லை.