அப்பா தூங்குகிறார்

டணார்!

சமையலறை வாசலில் விழுந்த பெரிய எவர்சில்வர் தட்டு, விளிம்பில் எழும்பி நின்று, தன்னைத்தானே நாலைந்து சுற்றுச் சுற்றி, கிறுகிறுவென்று அதிர்ந்து அடங்குவதற்குள் தெருமுனை நாய்கூட ஒருமுறை குரைத்துவிட்டது. கை தவறி விழவில்லை. அவள்தான் போட்டாள். போட்டுவிட்டு, காதில் மாட்டியிருந்த ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி காத்திருந்தாள்.

கூடத்தை ஒட்டிய சின்ன அறையின் கதவு மூடியிருந்தது. அதன் காலடியில், தரையோடு தரையாக ஒரு மைக். உள்ளே அப்பா தூங்குகிறார்.

எல்லாம் காலேஜ் ப்ராஜெக்ட் செய்கிற வேலை. கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி வருடம். உயிர் பிழைக்கும் வீடியோ கேம் ஒன்றைத் திட்டம் போட்டுக் காட்ட வேண்டும். கதைக்காக அவள் எங்கும் அலையவில்லை. அப்பா தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர், எப்போதும் நைட் ஷிஃப்ட். “பகல் தூக்கம் கெட்டா ராத்திரி மெஷின்ல கை போயிடும்டி” என்று சொல்லிச் சொல்லியே அம்மா அவளை வளர்த்திருந்தாள். பள்ளி நாட்களில் அவள் கிளம்பிய பிறகுதான் அப்பா வருவார். லீவு நாட்களில் அவள் எழும்போதே கதவு சாத்தியிருக்கும். மாலையில் விளையாடிவிட்டு வந்தால், முகம் கழுவி, டீ குடித்து, வேலைக்குக் கிளம்பி வாசலில் நிற்பார். நடுவில் இருக்கிற பகலெல்லாம் ஒரு மூடிய கதவும் குறட்டையும்தான் அப்பா. நாற்காலியைத் தூக்கி நகர்த்தவும், தும்மலை விழுங்கவும் அவள் ஐந்து வயதிலேயே தேறியிருந்தாள்.

அதையே கேம் ஆக்கினாள். அறைக்குள் ஒன்று தூங்குகிறது. அதை எழுப்பாமல் அந்த வீட்டில் ஏழு பகல் பிழைக்க வேண்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் புள்ளி. கரண்டி மூன்று. தாழ்ப்பாள் எட்டு. நூறைத் தொட்டால் அது எழுந்துவிடும்.

திட்டத்தைப் படித்த பேராசிரியர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“எழுந்து? பல்லு தேய்க்குமா? உன் பேய் குறட்டை விடுறதைத் தவிர ஒண்ணும் செய்யலையேம்மா. அது எழுந்திரிக்கிற சத்தத்தோட நாளைக்கு வா. இல்லைன்னா அடுத்த வருஷம் பார்ப்போம்.”

அதனால்தான் தட்டு. அப்பா போடுகிற ஓர் அதட்டல் பதிவானால் போதும். கம்ப்யூட்டரில் அந்தக் குரலை இழுத்துக் கனமாக்கினால் பேய் தயார். பிறகு டீ போட்டுக் கொடுத்துக் காலில் விழுந்துவிடலாம். மணி மூன்று. தையல் கடையிலிருந்து அம்மா வர ஐந்தாகும்.

குறட்டை நின்றிருந்தது.

அதட்டல் வரவில்லை. இருமலும் இல்லை. கூடத்து மின்விசிறியின் கடகடப்பும், குழாயின் சொட்டும், பக்கத்து மாடியில் யாரோ துணி உதறுவதும் ஹெட்போனில் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருக்க, அவை எல்லாவற்றுக்கும் அடியில், நனைந்த சாக்கை இழுப்பதுபோல ஏதோ ஒன்று கட்டிலிலிருந்து இறங்கி, தரையில் உரசி, நின்று, மறுபடி உரசிக் கதவை நோக்கி வந்தது. கூடவே கதவிடுக்கிலிருந்து ஒரு வாடை, வருஷக்கணக்கில் திறக்காத பெட்டியைத் திறந்தது போல.

“அப்பா?”

கோபமாக இருக்கும். போனை எடுத்து, ‘சாரிப்பா, தட்டு விழுந்துடுச்சு, திட்டாதீங்க’ என்று அனுப்பினாள். உள்ளே அப்பாவின் போன் ‘டிங்’ என்று சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

வாசல் கதவுக்குப் பத்தடிதான். ஆனால் அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கேமுக்காக அவளே வரைந்த வரைபடம்.

ஹெட்போனில் மூச்சு. மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில். உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. வெளியே விடவில்லை.

கையில் போன் அதிர்ந்தது. அப்பா!

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. படுத்தபடியே கூப்பிட்டுத் திட்டப் போகிறார், அவ்வளவுதான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

“என்ன தட்டு? எங்க விழுந்துச்சு?”

அப்பாவின் குரலுக்குப் பின்னால் பஸ் ஹாரன். கூட்டத்தின் இரைச்சல். அறைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“இங்கதாம்பா... ரூமுக்கு வெளியில.”

“அம்மா எங்க?”

“கடையில.”

“கண்ணு, பதறாம சொல்லு. குறட்டை கேக்குதா?”

அவள் மூடிய கதவைப் பார்த்தாள்.

“நின்னுடுச்சுப்பா.”

மறுமுனையில் அப்பா ஓடத் தொடங்கினார். செருப்புச் சத்தம். மூச்சிரைப்பு.

கதவடியில் ஏதோ அசைந்தது.

விரல். சாம்பல் நிறம். நகம் இல்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. மைக்கை மெல்லத் தடவிப் பார்த்தன. நான்கு. ஐந்து.

ஐந்தோடு நிற்கவில்லை.

“அப்பா...” குரலே எழாமல் கேட்டாள். “உள்ள இருக்கிறது நீங்கதானே?”

“நான் அந்த ரூம்ல ஒரு நாள்கூடத் தூங்கினதில்ல, கண்ணு.”