குறுக்கிய பெட்டி

சித்திரை வெயிலில் சுவர் எப்படி ஈரமாகும்? கலைப்பிரியாவுக்கு அது அன்று சாயங்காலம்தான் உறைத்தது. வேர்க்கடலையை மல்லாட்டை என்னும் திண்டிவனத்தில், ஒரு மல்லாட்டை எண்ணெய் மில்லுக்கு மேலே, கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அந்த அறையில், மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் ஓரங்கள் ஊறிப் பருத்து, வழவழத்து, நாள்பட்ட புண்ணாக்குத் தண்ணீரின் புளித்த வாடையைக் கக்கிக்கொண்டிருந்தன. இந்த நாற்றத்துக்குப் பயந்துதான் ஜன்னலைக்கூடப் பேப்பர் ஒட்டி அடைத்திருந்தாள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினாள். ஆராய்ச்சிப் படிப்பில் மிச்சமிருந்தது இந்த ஒரு கணினி ஓட்டம்தான். ஒரு புரதத்தின் மேல் சின்னப் பள்ளம் இருக்கிறது. பெப்டைடு என்னும் புரதத் துணுக்கு பக்கத்தில் வந்தால், பள்ளம் அதன் வால் நுனியைத் தடவிப் பார்த்து, சரியான ஆள்தான் என்று தெரிந்தபிறகு கவ்வும். இரண்டையும் தண்ணீர் நிறைந்த ஒரு கற்பனைப் பெட்டியில் மிதக்கவிட்டுக் கணினி கணக்குப் போடும். அந்தப் பெட்டிக்குச் சுவர் கிடையாது. மேற்கே வெளியே போவது கிழக்கே உள்ளே வரும். பெட்டி பெரிதானால் கணக்கு இழுத்துக்கொண்டே போகும். சீக்கிரம் இங்கிருந்து தொலைய வேண்டும் என்று அவள் பெட்டியைக் குறுக்கியிருந்தாள்.

திரையில் பள்ளம் எதையோ கவ்வியிருந்தது. ஆனால் பெப்டைடு தனியாக ஒரு மூலையில் மிதந்தது.

படத்தை அனுப்பிவிட்டு, விழுப்புரத்திலிருந்த சீனியர் சங்கவிக்குப் போன் செய்தாள்.

“ஏய், பெட்டிய இவ்ளோ சின்னதாவா வச்ச? அந்தப் பக்கம் போன புரதத்தோட வாலு இந்தப் பக்கமா வந்துட்டுது. தன் வாலயே தான் கவ்விக்கினு இருக்குது பாரு!”

“ஐயோ, அப்ப எல்லாம் வேஸ்டாக்கா?”

“வேஸ்ட்தான். பெருசா வச்சி மறுபடி ஓட்டு. இன்னும் ஒரு மாசம் ஆவும்.”

இன்னும் ஒரு மாதம் இங்கேயா? போனை மேசையில் வைத்தவளுக்கு அழுகை முட்டியது. அதே நேரம் கரண்டும் போனது. ஜன்னல் பேப்பர் வழியாகச் சாயங்கால வெளிச்சம் மட்டும் மங்கலாகக் கசிந்தது. மின்விசிறி ஓய்ந்ததும் வாடை கனத்து இறங்கி, தொண்டையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

சளக். சளக்.

யாரோ வாயைத் திறந்துகொண்டு மெல்லுகிற சத்தம். வெடிப்பிலிருந்து வந்தது.

அருவருப்பில் உடம்பு கூச, பழைய பேப்பரைக் கசக்கி, வெள்ளி மோதிரம் போட்ட ஆள்காட்டி விரலால் வெடிப்புக்குள் திணித்தாள். உள்ளே வெதுவெதுப்பு. மெத்து. ஏதோ ஒன்று அவள் நகத்தைத் தொட்டது. நுனியைத் தடவிப் பார்த்தது. பிறகு கவ்வியது.

இழுத்தாள். வரவில்லை. பல் இல்லாத ஈறு போல அழுத்தி அழுத்தி உள்ளே வாங்கியது. மணிக்கட்டு போனது. முழங்கை போனது.

முதுகுக்குப் பின்னால் காரை உதிர்ந்தது.

திரும்பிப் பார்த்தாள். கிழக்குச் சுவரிலிருந்து ஒரு கை. முழங்கை வரை. அவளுடைய வெள்ளி மோதிரம். நகத்தில் நனைந்த பேப்பர். எச்சில் நூல்நூலாக ஒழுக, அது அவள் முகத்தைத் தேடி நீண்டது.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

விரல் நுனி நாக்கில் பட்டது. புளித்த புண்ணாக்கு ருசி. குமட்டியது. வாய் தானாக அந்த விரலைக் கவ்வி மூடிக்கொண்டது. திறக்க முடியவில்லை.

சுவரில் மெல்லுகிற சத்தம் ஓய்ந்துவிட்டது.

சளக். சளக். சத்தம் இப்போது அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.