முந்திக் கதைத்த பெட்டி

புதுப்பெட்டிதான் முதலில் கதைத்தது. கண்ணிமைக்கிற நேரம்தான் முந்தியது. வேறு யாரென்றாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஜெயனிக்கு மட்டும் அது, கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளைக்கு முன்னால் யாரோ கை நனைத்ததுபோல உறுத்தியது. கடலுக்குப் போயிருந்த புருசன் ஜெரிசன் புது ரேடியோப் பெட்டிக்குள்ளிருந்து, “ஜெயனி, கேக்குதோ?” என்றான். அதற்குப் பிறகுதான் பழைய பெட்டியிலும் அவன், “ஜெயனி, கேக்குதோ?” என்றான்.

அவள் வழக்கம்போல பழைய பெட்டியின் மைக்கை எடுத்துப் பொத்தானை இரண்டு தரம் அமத்தி விட்டாள். டிக், டிக். குரல் கேட்டது, வீட்டில் எல்லாம் சுகம் என்று அர்த்தம். வாய் திறக்கவில்லை. தொழிலுக்குப் போகிறவனைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்பது குருநகரில் பால்குடிக்கும் தெரிந்த விசயம். கரையில் இருந்துகொண்டு பெண்சாதி ரேடியோவில் குரல் கொடுப்பதும் பின்னால் கூப்பிடுவதுதான் என்று, கல்யாணமான கிழமையே மாமி கத்தரீனா தீர்ப்புச் சொல்லிவிட்டா. எலக்ரோனிக்ஸ் படித்த மருமகள் மனதுக்குள் சிரித்தாலும் மாமியின் சொல்லைத் தட்டவில்லை. இத்தனை வருசத்தில் ஜெயனியின் குரல் ஒருதரமாவது கடலுக்குப் போனதில்லை. “கடலிலை நிக்கேக்கை மட்டும்தான் எனக்கு நிம்மதி” என்று ஜெரிசன் கூட்டாளிமாருக்குச் சொல்லிச் சிரிப்பான்.

மேசையில் மூன்று பெட்டிகள் இருந்தன. மாமியின் கணக்கில் மூன்றும் பைத்தியம்தான். மருமகளுக்கு நகைப் பைத்தியம் இல்லை, ரேடியோப் பைத்தியம் என்று கோயிலடியில் சொல்லித் திரிகிறா. முதலாவது, வள்ளங்களோடு கதைக்கிற பழைய பெட்டி. இரும்புடம்பு, ஒரு திருகி, ஒரு முள். ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசைக்குத்தான் காது கொடுக்கும். இரண்டாவது, விரலளவு குச்சி. ரெலிவிஷன் பார்க்க என்று எங்கோ செய்த மலிவுச் சாமான். அதைக் கணினியில் செருகினால் எந்த அலையையும் கேட்கலாம் என்று யாரோ கண்டுபிடிக்க, உலகத்து ரேடியோப் பைத்தியங்களுக்கெல்லாம் கொண்டாட்டம் பிறந்தது. அந்தக் குச்சிக்குப் பிறகு வந்த தலைமுறைகள் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடக்கின்றன. ஒன்று சூடேறிச் செத்தது. ஒன்றுக்குக் காது கரடுமுரடு, பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் சின்னச் சத்தம் அதற்குத் தெரியாது. அந்த லாச்சி ஒருநாள் கழன்று விழுந்துதான் ஜெயனியின் இடக்கால் சின்னவிரல் முறிந்தது. இன்றைக்கும் அது மற்ற விரல்களோடு கோபித்ததுபோலத் தள்ளியே நிற்கிறது.

மூன்றாவதுதான் புதுப்பெட்டி. கொழும்பிலிருந்து பார்சலில் வந்து இரண்டு நாளாகவில்லை. கணினியும் வேண்டாம், திருகியும் வேண்டாம். காற்றில் கிடக்கும் அத்தனை அலையையும் ஒரே வாயில் விழுங்கி, இலக்கமாக்கி, எவ்வளவு மெல்லிய சத்தமானாலும் தூசி தட்டி எடுத்துக் கொடுக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் ஜெரிசனின் குரல் உடைந்து உடைந்து வருவது பொறுக்காமல்தான் அவள் அதை வாங்கினாள்.

ஆனால் ஒன்று. இலக்கப் பெட்டிக்கு எண்ணி முடிக்காமல் வாய் திறக்கத் தெரியாது. அதனால் அது பழைய பெட்டிக்குப் பிந்தித்தான் கதைக்கும். தலைமுறைக்குத் தலைமுறை எண்ணுகிற வேகம் கூடும், பிந்துகிற நேரம் குறையும். குறையலாம். முந்த ஏலாது.

மைமலாகி இருட்டிக்கொண்டிருந்தது. மாமி ஒக்ரோபர் மாதச் செபமாலைக்குக் கோயிலுக்குப் போய்விட்டா. மழை விட்டிருந்தது, கூரைப் பீலியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வாசல் வாளிக்குள் விழும் சத்தமும், சுவரில் நொண்டி நொண்டி ஓடும் மணிக்கூட்டின் சத்தமும், குசினிக்குள் ஒரு பல்லியும்தான் வீட்டில் கேட்டன. ஜெயனி வயர்களைச் சரிபார்த்தாள். மூன்று பெட்டிக்கும் ஒரே ஏரியல்தான். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

“ஜெரி அண்ணை, உங்கடை பக்கம் மீன் கிடக்கோ?” புதுப்பெட்டியில் சுபாஸ் கேட்டான். ஜெரிசனின் வள்ளத்துக்குப் பக்கத்தில் வலை போடுகிறவன் அவன்.

“தண்ணிக்குக் குறைவில்லையடா” என்றான் ஜெரிசன். சிரித்தான். சிரிப்பின் முடிவில் இருமினான்.

ஜெயனியும் சிரித்தாள். பிறகுதான் பழைய பெட்டி இன்னும் சும்மா இருப்பதைக் கண்டாள். முள் அசையவில்லை. குச்சியின் கணினித் திரையிலும் ஒரு கோடு விழவில்லை. எழும்பிப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்து, தேயிலை போட்டு, கோப்பையோடு திரும்பி வந்து கதிரையில் இருந்தபோது பழைய பெட்டி கரகரத்தது. “ஜெரி அண்ணை, உங்கடை பக்கம் மீன் கிடக்கோ?”

“தண்ணிக்குக் குறைவில்லையடா.” சிரிப்பு. இருமல்.

கோப்பையை மேசையில் வைத்தபோது தேத்தண்ணி தளும்பிச் சுட்டது. பயம் என்று அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. புதுச்சாமான், எங்கேயோ பிழை, படித்தவள் பயப்படலாமா என்று தன்னையே பேசினாள். பேசிக்கொண்டே புதுப்பெட்டியின் ஏரியல் வயரைக் கழற்றினாள். ஏரியல் இல்லாத ரேடியோ காதறுத்த ஆள் மாதிரி. வெறும் இரைச்சல்தான் வரவேண்டும்.

இரைச்சல் வரவில்லை. புதுப்பெட்டிக்குள் அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் ஏதோ சொட்டியது. உன்னிப்பாகக் கேட்டாள். தண்ணீர், வாளிக்குள். அதற்குப் பின்னால் நொண்டி நொண்டி ஓடும் ஒரு மணிக்கூடு. ஒரு பல்லி.

அவளுடைய வீடுதான். அவள் இருக்கிற இந்த அறைதான்.

மைக்கை எட்டிப் பார்த்தாள். போன மாதம் பொத்தான் இறுகிப்போய், மாமி பூனைக்குப் பேசின பேச்செல்லாம் முழுக்கடலுக்கும் கேட்டு, சுபாஸும் பெடியங்களும் ஒரு கிழமையாக மாமியைக் கண்டால் மியாவ் என்றார்கள். அப்படி ஏதும் இருக்கும். இருந்தால் நல்லது. இல்லை. பொத்தான் வெளியே தள்ளி நின்றது. அறைக்குள் இருந்து ஒன்றும் காற்றில் போகவில்லை.

புதுப்பெட்டிக்குள் கதவு தட்டுப்பட்டது. இரண்டு தரம் சேர்த்து, ஒன்று தனியாக. ஜெரிசன் தட்டுகிற விதம். ஜெயனி திரும்பி வாசலைப் பார்த்தாள். கதவு சும்மா இருந்தது, தாழ்ப்பாள் போட்டபடி.

பெட்டிக்குள் மணிக்கூடு கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். அந்தத் துருப்பிடித்த கிறீச்சை எந்தச் சந்தையில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். பிறகு ஈரக்கால். சீமெந்து நிலத்தில் சளக், சளக் என்று, அவசரமில்லாமல், உள்ளே வந்தது. நின்றது. பிறகு, டிக், டிக்.

அவளுக்கு மூச்சு வந்தது. என்னுடைய தட்டுத்தானே! ஜெரிசன் நனைந்துகொண்டு வருவான், நான் கதவைத் திறப்பேன், பிறகும் நான் இருக்கிறேன், இரண்டு தட்டுத் தட்டிச் சுகம் சொல்கிறேன். அப்படியென்றால் ஒன்றும் நடக்கப் போவதில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சிலுவை போட்ட கை பாதியில் நின்றது. ஜெரிசன் வீட்டுக்குள் வந்துவிட்டால், அவள் யாருக்குத் தட்டுகிறாள்? அவன் கடலில் நிற்கும்போதுதான் அந்தத் தட்டு. அப்படியென்றால் ஈரக்காலோடு உள்ளே வந்தது யார்?

புதுப்பெட்டியின் மின்வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். பெட்டியின் விளக்கு அணைந்தது. கதவருகே போய்த் தாழ்ப்பாளை இன்னும் இறுக்கித் தள்ளினாள். யார் தட்டினாலும் திறப்பதில்லை. திறக்காவிட்டால் அது நடக்காது. அவ்வளவுதானே.

கதிரைக்கு வந்து இருக்கக்கூட இல்லை, தெருவிலிருந்து வரும் ஒழுங்கையில் காலடி கேட்டது. படலைக் கதவு முனகியது. வாளியைக் கடந்தது. கதவிடுக்கால் டீசலும் அழுகின பாசியும் கலந்த வாடை வந்தது. தட்டு. இரண்டு சேர்த்து, ஒன்று தனியாக.

“ஜெயனி, கேக்குதோ?”

ஜெரிசனின் குரல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எழும்பக்கூடக் கால் உன்னியது.

“ஜெயனி, கேக்குதோ?” அதே இழுவை. அதே ஏற்றம். சற்று முன் ரேடியோவில் சொன்னபடியே, ஒரு மயிரிழை மாறாமல். பிறகு கதவுக்கு வெளியே அது சொன்னது: “தண்ணிக்குக் குறைவில்லையடா.” சிரித்தது. சிரிப்பின் முடிவில் இருமியது.

காற்றில் போன சொற்கள். அதனிடம் அவை மட்டும்தான் இருந்தன.

ஜெரிசனின் போன் சுவரில் சார்ஜில் கிடந்தது. உப்புத் தண்ணீரில் இரண்டு போன் செத்தபிறகு அவன் கொண்டுபோவதில்லை. ஜெயனி மைக்கை எடுத்தாள். மாமியின் தீர்ப்பு, பின்னால் கூப்பிடுவது, எல்லாம் பறந்தது. பொத்தானை அமத்தி வாய் திறந்தாள்.

“இஞ்சாருங்கோ, எங்கை நிக்கிறியள்? கெதியா வீட்டை வாங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு.”

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

“ஜெயனியோ?” ஜெரிசன் திகைத்துப்போய்க் கேட்டான். பழைய பெட்டியின் முள் நடுவில் ஆடியது, அவன் கடலில் தூரத்தில் நிற்கும்போது ஆடுவதுபோலவே. “என்னடி, நீயோ கதைக்கிறாய்? நான் மண்டைதீவுக்கு அங்காலை, வலை பாதி தண்ணிக்கை. என்ன நடந்தது?”

கதவுக்கு வெளியே சத்தம் நின்றுவிட்டது. உற்றுக் கேட்பதுபோல நின்றுவிட்டது. ஜெயனிக்கு அப்போதுதான் தான் செய்த வேலை விளங்கியது. அவனை வரச் சொல்லியிருக்கிறாள். இந்த வாசலுக்கு.

“வேண்டாம். வராதேங்கோ. விடியும் மட்டும் வராதேங்கோ. வெளியிலை ஆரோ நிக்கினம், நான் மாமிக்குப் போன் அடிச்சு ஆக்களைக் கூப்பிடுறன்.”

“சரி, சரி. கதவைத் திறக்காதை. ஆக்கள் வந்தோடனை சொல்லு, நான் இதிலைதான் நிக்கிறன்.”

அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். அவன் வரப்போவதில்லை, அது போதும். மைக்கை மேசையில் வைத்துவிட்டு மாமிக்கு எடுத்தாள். மணி போனது. செபமாலையில் இருக்கிறவா எப்படி எடுப்பா? திரும்ப எடுத்தாள். வாசலில் வாளிக்குள் சொட்டுகிற சத்தம் மட்டும்.

பழைய பெட்டி கரகரத்தது.

“இஞ்சாருங்கோ, எங்கை நிக்கிறியள்?”

பெண்குரல்.

“கெதியா வீட்டை வாங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு.”

அவளுடைய குரல். அதே நடுக்கம். அதே இடத்தில் மூச்சு இழுபட்டது. மைக் மேசையில் கிடந்தது, பொத்தான் வெளியே. முள் ஓரத்தில் முட்டி நின்றது. வள்ளம் துறைக்கு வந்து நிற்கும்போதுகூட அது அப்படி முட்டியதில்லை.

மைக்கைப் பறித்தாள். “வராதேங்கோ! அது நானில்லை! வராதேங்கோ!”

பொத்தானை விட்டாள்.

“கெதியா வீட்டை வாங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு. கெதியா வீட்டை வாங்கோ.”

இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் கதைத்தால் இரண்டும் சேர்ந்து கேட்காது. கிட்ட நிற்கும் குரல் எட்ட நிற்கும் குரலை விழுங்கிவிடும். ஜெயனிக்கு அது பாடம். அமத்தினாள், கத்தினாள். விட்டாள். அமத்தினாள், கத்தினாள்.

“அழாதையடி” என்றான் ஜெரிசன். “பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது உன்ரை குரல். என்ரை காதுக்கை கேக்குது. வலை போனாப் போகட்டும், வெட்டி விட்டிட்டு வாறன்.”

“வராதேங்கோ!”

முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

அவள் திரும்பவில்லை.

சளக்.

சளக்.

பாசி வாடை அறைக்குள் வந்தது. கதிரைக்குப் பின்னால் வந்து நின்றது. ஜெயனி கண்ணை மட்டும் தாழ்த்தி நிலத்தைப் பார்த்தாள். கதிரையோரத்தில் ஈர அடிகள். சின்ன அடிகள், பெண்ணின் அடிகள். இடக்காலில் சின்னவிரல் மட்டும் தள்ளி நின்றது.

கையிலிருந்த மைக் நழுவி, வயரில் தொங்கி, மேசைக்காலில் முட்டி ஆடியது.

“ஓம், ஜெயனி, வாறன்” என்றான் ஜெரிசன். “கேக்குதோ?”

டிக், டிக்.

பழைய பெட்டியில் கேட்டது. அவள் காதடியிலும் கேட்டது, ஈரமாக. அதற்குப் பிறகு பெட்டிக்குள் ஜெரிசனின் எஞ்சின் கரையைப் பார்த்து இரைந்துகொண்டிருந்தது.