இடக்கைக் கத்தி

தொகாஷி யசுமாசா குடையை மடக்கிக்கொண்டே மினெகோவின் பழைய கத்திக் கடைக்குள் நுழைந்தார். கனசாவாவில் மழை விட்டபாடில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தொகாஷி என்று பெயர் வெட்டிய மீன் கத்தி ஒன்று அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஊர் பார்க்கக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார். நான்கு தலைமுறையாக உணவகம் நடத்தும் குடும்பத்தின் பெயர், பழைய சாமானோடு விலைக்கு.

"இது இடக்கைக் கத்தி, முதலாளி," என்றாள் மினெகோ. "உங்க கைக்குப் படியாது. வலக்கைக்கு நல்லதா ஒண்ணு காட்டட்டுமா?"

"கேட்டதக் குடு."

"யாரு கொண்டுவந்து போட்டாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. தெரியும்.

மகன் ரெய்ஜி இடக்கைக்காரன். தொகாஷி அடுக்களையில் இடக்கை ஆகாது என்று அவர் சொன்ன அன்று வெளியேறியவன். துறைமுகத்தில் சின்னக் கடை போட்டான். விரட்டிய வீட்டின் பெயரையே கத்தியில் வெட்டிக்கொண்டான். இந்த வசந்தத்தில் செத்தும் போனான். அஸ்தியைக் குடும்பக் கல்லறையில் வைக்க இடம் கேட்டு அவன் மனைவி சிகுசா வாசலில் வந்து நின்றாள். "எனக்குப் பிள்ளையே இல்ல," என்று கதவைச் சாத்தினார் யசுமாசா. கத்தியைக் கடையில் போட்டவள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

வாங்கி வந்த கத்தியை மறைத்தால் போதாது; பெயர் அழிய வேண்டும். ஆனால் அரத்தை எடுத்துத் தம் குலப்பெயரைத் தாமே ராவக் கை வரவில்லை. கார்பன் எஃகு, ஈரம் பட்டால் ஓர் இரவில் துரு தின்றுவிடும். எந்தச் சமையற்காரனும் செய்யாததை அன்று செய்தார். கத்தியின் மேல் உப்புத் தண்ணீரை ஊற்றிப் பலகையில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

காலையில் அடுக்களையில், கத்தி துருப்பிடிக்காமல் பூசும் காமெலியா எண்ணெய் மணந்தது.

கத்தி பளபளத்தது. பலகையின் இடப்பக்கத்துக்கு மாறியிருந்தது. அருகே ஈரத் துணி, மூன்றாக மடித்து, விளிம்பு உள்ளே திரும்பி. அந்த மடிப்பு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கற்றுக்கொடுத்தது.

வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை.

அன்றிரவும் உப்புத் தண்ணீரை ஊற்றினார். விடியுமுன்னே இறங்கி வந்தார்.

இருட்டில் ஒரு சத்தம்.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

துணி எஃகில் உரசும் சத்தம்.

விளக்கைப் போட்டார். யாருமில்லை. அலகின் மேலிருந்த ஈரம் மட்டும், நுனியிலிருந்து பிடியை நோக்கி, விரலகலம் விரலகலமாக மறைந்துகொண்டிருந்தது.

"ரெய்ஜி?"

சத்தம் நின்றது. ஈரமும் வெட்டிய பெயருக்கு முன்னால் அப்படியே நின்றது.

வெகுநேரம் காத்திருந்தார். யாரும் துடைக்கவில்லை. எழுத்துகளின் குழிக்குள் மெல்லச் செம்மை ஊறியது. அவர் விரும்பியது அதைத்தான். ஆனாலும் சட்டைக் கையை இழுத்துவிட்டு, அந்தப் பெயரை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

விடிந்ததும் மழையிலேயே துறைமுகத்துக்குப் போனார்.

"அவன வீட்டுக்குக் கூட்டிட்டு வாம்மா," என்றார், வாசலிலேயே நின்று.

சிகுசா நண்டு ஓடு உடைப்பதை நிறுத்தவில்லை. "கடல்ல கரைச்சிட்டேன், மாமா. இடமில்லன்னு கதவ சாத்திட்டீங்க. எத்தன நாளுதான் அவர அலமாரியிலயே வெச்சிருப்பேன்?"

யாருக்கும் வளையாத முதுகு. அவள் முன்னால் இடுப்புவரை குனிந்தது. நிமிரவேயில்லை.

"போங்க மாமா," என்றாள் கடைசியில். "நனையுறீங்க."

கல்லறையில் வைக்க வேறெதுவும் மிஞ்சவில்லை. கத்திக்கு எண்ணெய் பூசி, மர உறையிலிட்டு, முன்னோரின் அஸ்திக் கலயங்களுக்கு நடுவே தாமே வைத்தார். கல்லறைக் கல்லை மூடினார்கள்.

அன்று மாலை உணவகத்தில் மீன் அரிந்து முடித்தார். தம் கத்தியைக் கழுவியவர், வாழ்நாளில் முதல் தடவையாக, துடைக்க மறந்து படுத்துவிட்டார்.

காலையில் காமெலியா எண்ணெய் மணந்தது.

அவருடைய கத்தி உலர்ந்திருந்தது. பலகையின் இடப்பக்கம்.

மூன்றாக மடித்திருந்த துணியை எடுத்தார். அதில் கைச்சூடு இன்னும் ஆறவில்லை.