நூற்றுப் பதிமூன்றாம் பக்கம்

காலை 9.40.

நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகர் தன் அறையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்து, வெள்ளிக்கிழமை நடக்கும் புதுப் பதிப்பு அறிமுக விழாவுக்காகப் பூட்டி வைத்திருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். 112-ஆம் பக்கத்துக்கு அடுத்து 115 இருந்தது. நடுவில் ஒரு தாளைப் பிளேடு வைத்து ஒட்ட அறுத்திருந்தார்கள்.

அவர் அலமாரிக்கு ஓடினார். அதே புத்தகத்தின் பழைய பதிப்பு அங்கே ஐந்து பிரதிகள் இருந்தன. ஐந்திலும் 111, 112 உள்ள தாளைக் காணோம்.

காலை 10.20.

இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கண் எரிந்தது. இரண்டு நாளாக இந்தப் புத்தகத்தைச் சுற்றி நடக்கும் கலாட்டாவால்தான் அவர் தூங்கவில்லை. அண்டை நாட்டோடு நடந்த பழைய போரை முதலில் தொடங்கியது அவர்கள்தான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்க, எழுபத்து நான்கு வயதுப் பேராசிரியர் ஒருவர் அது பொய் என்று எழுதிவிட்டார். அவர்கள் அனுப்பிய சமாதானக் கடிதத்தை நம் அமைச்சர் பிரிக்காமலே ஓர் இரவு முழுக்க மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தாராம். அமைச்சர் செத்து முப்பது வருடம் ஆகிறது. அவருடைய கட்சிக்காரர்கள் சாகவில்லை. நூலக வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பீரோ சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. உதவி நூலகர்கிட்ட ஒண்ணு," என்றார் தலைமை நூலகர். குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா வீட்டுக்காரர் அந்தக் கட்சிதான், மேடம். சஸ்பென்ஷன் ஆர்டர் டைப் ஆயிடுச்சு. அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

"அவசரமோ?"

"மேலிருந்து நாலு போன் வந்துடுச்சு."

பெருமூச்சு விட்டபடி இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "பழசுல 111 போயிருக்கு, புதுசுல 113. ஏன் மாறுது?"

"புதுப் பதிப்புல முன்னாடி ஒரு வரைபடம் சேர்த்திருக்காங்க. எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப் போச்சு. அமைச்சர் விஷயம் வர்ற பக்கத்தைத்தான் தேடித் தேடி அறுத்திருக்காங்க."

"இந்தப் புத்தகம் எப்போ வந்துது?"

"திங்கள் சாயங்காலம் நாலு மணி. பேராசிரியரே கையில கொண்டுவந்து கொடுத்தார். என் கண்ணு முன்னாடியே முத்திரை போட்டு, நானே பூட்டினேன்."

இன்ஸ்பெக்டரம்மா புத்தகத்தை விரித்தார். 115-ஆம் பக்கத்தில் நூலகத்தின் ஊதா முத்திரை இருந்தது. முதல் பக்கத்தைக் கிழித்தாலும் புத்தகம் யாருடையது என்று தெரிய வேண்டுமாம், அதனால் இந்த நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் 115-இல் ஒரு முத்திரை விழும். எதிரே, 112-இல், ஊதாக் கறை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. மூடி வைத்தார்.

காலை 11.15.

பேராசிரியர் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார். அது பதினெட்டு வருடமாக அவருடைய இடம்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?"

"அமைச்சரோட ஆளுங்கதான். சரித்திரத்துக்குப் பயப்படறவங்க பிளேடைத்தான் எடுப்பாங்க."

"உதவி நூலகரம்மாவை வேலையை விட்டு நிறுத்தப் போறாங்களே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

"நிர்வாக விஷயம். எனக்கு ஒண்ணும் தெரியாது."

பகல் 1.30.

கடைத்தெருவுக்குப் போன ஏட்டு பழைய பதிப்பில் ஒன்று, புதியதில் ஒன்று என்று வாங்கி வந்து வைத்தார். "படிக்கப் போறீங்களா மேடம்?" என்றார், நம்பிக்கையில்லாமல்.

"இந்தப் புத்தகத்துக்காக ஊரே மண்டையை உடைச்சுக்குது. ஒருத்தராவது படிக்க வேணாமா?"

கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து படித்தார். பழைய பதிப்பில், 111-இல் அமைச்சர் இருந்தார். தாளைத் திருப்பினால் 112-இல் ஒரு கார் டிரைவர். எல்லையிலிருந்து கடிதத்தைக் கொண்டுவந்தவர் அவர். வழியில் குடித்துவிட்டுத் தூங்கியதால் கடிதம் பதினொரு மணி நேரம் தாமதமாக வந்தது என்று, அவருடைய முழுப் பெயரையும் போட்டு அச்சடித்திருந்தார்கள்.

புதிய பதிப்பை எடுத்தார். ஒரு பக்கம் தள்ளியதில் அமைச்சர் 112-க்கு வந்திருந்தார். டிரைவர் அடுத்த தாளுக்கு, 113-க்குப் போயிருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா நூலகப் பிரதியை மறுபடி விரித்தார். அமைச்சரின் பக்கம் ஊதாக் கறையோடு அதிலேயே பத்திரமாக இருந்தது. காலையிலிருந்து ஒருவரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை, தான் உள்பட. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"உதவி நூலகரம்மாவைக் கூப்பிடுங்க."

பகல் 2.10.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அழுது முடித்த முகம்.

"113-ல இருக்கற டிரைவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பா."

ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ தாளை அறுக்க உங்களுக்குத்தான் காரணம் இருக்கு."

"எனக்கு அந்தத் தாள் வேணும், மேடம். அப்பா வாழ்க்கையில ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. அவரோட வண்டி டிரிப் புத்தகம் வீட்ல இருக்கு. பதினொரு மணி நேரம் பாலத்தை மூடி வச்சது நம்ம ராணுவம். அதிகாரி கையெழுத்தோட இருக்கு. போன மாசம் அதோட நகலைப் பேராசிரியர் கையிலயே கொடுத்தேன். தப்புன்னு ஒரு சீட்டு எழுதி அந்தப் பக்கத்துல ஒட்டுங்கன்னு கேட்டேன். பக்கமே இல்லாட்டி சீட்டை எங்க ஒட்டுறது?"

"அவர் என்ன சொன்னார்?"

"பார்க்கலாம்னார்."

மாலை 3.40.

ஜன்னலோர மேசையின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். இன்ஸ்பெக்டரம்மா மட்டும் உட்கார்ந்தார். நிற்கத் தெம்பில்லை.

"நூலகர் சார், 112-ல இருக்கற கறையைப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "முத்திரைதான். தலைகீழா... இல்ல, கண்ணாடியில பார்க்கற மாதிரி விழுந்திருக்கு. திங்கட்கிழமைத் தேதி."

"115-ல போட்ட மை காயறதுக்குள்ள புத்தகத்தை மூடினா, எதிர்ப்பக்கத்துல ஒட்டும். பழைய பிரதிகள்ல 114-ல ஒட்டியிருக்கு. இதுல மட்டும் 112-ல. நடுவுல ஒரு தாள் இருந்தா 112-க்கு எப்படிப் போகும்? திங்கட்கிழமை முத்திரை விழும்போதே அந்தத் தாள் இல்ல. பீரோவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே அறுத்தாச்சு. அப்புறம் எத்தனை சாவி இருந்தா என்ன?"

தலைமை நூலகர் மெல்லப் பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"அமைச்சரோட ஆளுங்களா இருந்தா அமைச்சரை விட்டுட்டு டிரைவரை ஏன் அறுக்கணும்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "அந்தப் பக்கம் பொய்யின்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தங்களுக்கு அது இருக்கணும். இன்னொருத்தர் நீங்க."

பேராசிரியர் மறுக்கவில்லை. தோல்பையைத் திறந்து, ஒரு உறையிலிருந்து ஆறு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கிழிச்சுப் போட மனசு வரல," என்றார். "நாற்பது வருஷமா அடுத்தவங்க தப்பைத்தான் திருத்தியிருக்கேன். இந்த ஒரு தப்பை ஒத்துக்கிட்டா, வாசல்ல நிக்கறாங்களே, அவங்க மொத்தப் புத்தகமும் பொய்யின்னு சொல்லிடுவாங்க. புதுப் பதிப்பும் அதுக்குள்ள அச்சாகிடுச்சு; இந்த நூலகத்துப் பிரதிகள்லயாவது சீட்டு ஒட்ட இடம் இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன். கடிதம் நிஜம், மேடம். அமைச்சர் செஞ்சது நிஜம்."

"இருக்கட்டும் சார். பதினொரு மணி நேரத் தாமதத்துக்கு அப்பா மேல பழியைப் போட்டீங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பொண்ணு மேல விழப்போச்சு. நீங்க கண்ணாடி துடைச்சிட்டிருந்தீங்க."

அவர் தலை தொங்கியது.

தலைமை நூலகர் தட்டச்சு செய்த உத்தரவை நான்காகக் கிழித்தார். "கேஸ் போடலாமா?" என்று யாரைக் கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டார்.

"கேஸ் வேணாம் சார்," என்றார் உதவி நூலகர். "சீட்டு வேணும்."

அவரே போய்ப் பசை டப்பாவும் தூரிகையும் கொண்டுவந்தார். தன் அப்பாவைக் குடிகாரன் என்று சொன்ன தாள்களை ஒவ்வொன்றாக, ஓரம் பிசகாமல், அவையவை இருந்த இடத்திலேயே ஒட்டினார். பேராசிரியர் வெள்ளைச் சீட்டு ஒன்றை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டரம்மா எட்டிப் பார்த்தார். 'இப்பகுதியில் தவறு நேர்ந்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது' என்று இருந்தது.

"யார் கருதறாங்க சார்?"

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே அந்த அம்மா தூரிகையோடு காத்திருந்தார். பேராசிரியர் அந்த வரியை அடித்துவிட்டு, புதிய சீட்டு எடுத்து, முதல் வார்த்தையாக 'நான்' என்று எழுதினார்.